ஒற்றைக்கால்

அபு ஷகாரா கிளினிக்கில்
மாரிவிக் என்ற பிலிப்பினோப் பெண்
என் முட்டியைத் தட்டிப் பார்க்கவில்லை.
செருப்பைக் கழற்றச் சொன்னாள்.
ஒரு காலில் நில்லுங்கள், பத்து வினாடி.

நான்காவது வினாடியில்
சுவர் என்னிடம் வந்தது.

அதற்கு முந்தின வாரம்தான்
ஆறு பேர் புழங்கும் குளியலறையில் வழுக்கி
வாளியைக் கட்டிப்பிடித்துத் தப்பித்திருந்தேன்.
வாளி உடைந்தது. பன்னிரண்டு திர்ஹம்.
இடுப்பு உடைந்திருந்தால்
விலை சொல்ல ஆளில்லை.

அறுபத்தொன்று முடிகிறது.
இருபத்தேழாம் நம்பர் ஸ்கூல் பஸ்ஸில்
பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன்.
பெர்பெத்துவா என்ற பெயர் அவர்கள் வாயில்
பெத்துவான்ட்டி ஆகிவிட்டது.
நாளெல்லாம் பஸ் படியில்
ஏறி இறங்குகிறவளுக்கு
சும்மா நிற்கத் தெரியவில்லை என்பதை
யாரிடம் போய்ச் சொல்ல?

இந்த ஊரில் எனக்கு நிலமில்லை, நகையில்லை.
அடமானம் வைத்திருப்பது இந்த உடம்பைத்தான்.
செப்டம்பர் தோறும் ஒரு மேசைக்குப் பின்னிருந்து
ரத்தத்தையும் எக்ஸ்ரேயையும் புரட்டிப் பார்த்து
இன்னும் ஒரு வருஷம் என்று முத்திரை குத்துவார்கள்.

ஆகவே விடிகாலை நான்கு மணிக்கு
ரோலாவில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால்
கார்கள் தூங்கும் மணல்வெளியைச் சுற்றுகிறேன்.
வலது பையில் பதினொரு பேரீச்சங்கொட்டை.
ஒரு சுற்றுக்கு ஒன்று
இடது பைக்குக் குடிபெயரும்.
ஜூலையில் காற்று
பிழியாத துணி மாதிரி முகத்தில் விழும்,
கண்ணாடி பனித்துப்போய்
எட்டாவது கொட்டையா ஒன்பதாவதா என்று
தடவித்தான் தெரிந்துகொள்வேன்.

கரக் சாயாவில் சர்க்கரையை விட்டது
யாரும் பாராட்டாத ஒரு துறவு.
சமோசாவை விடவில்லை. வியாழக்கிழமை ஒன்று.
அதில் மாரிவிக்குக்குப் பங்கில்லை.

மத்தியானம் முவைலேயில்
பள்ளிக்கூட வாசலில் எங்கள் பஸ்
வரிசையில் இருபது நிமிஷம் நிற்கும்.
பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தாயிற்று,
பெல்ட் போட்டாயிற்று.
அப்போது நான்
சீட்டுக் கம்பியை விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு
காலைத் தூக்குவேன்.

வாஹித், இத்னேன், தலாத்தா...
கேஜி டூ முழுக்க எண்ணும்.
நான் ஜெயிக்க வேண்டுமென்று
ஐந்துக்கு மேல் வேகமாக ஓட்டுவார்கள்.
முன் சீட்டு ஸோயா மட்டும் நீதிபதி.
ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில்
ஒரு மூச்சு விடுவாள்.
"பெத்துவான்ட்டி, கை! கை எடுக்கணும்!"

டிரைவர் ஷேர்ஸமான் முதலில் சிரித்தார்.
பிறகு ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தேன்,
தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு
அவரும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் ராஸ் அல் கோருக்கு
பூநாரை பார்க்கக் கூட்டிப் போனோம்.
நூற்றுக்கணக்கில், இளஞ்சிவப்பாய்,
ஒற்றைக்காலில், அதுவும் தூங்கிக்கொண்டே.
பிள்ளைகள் அவற்றைப் பார்த்தார்கள்,
திரும்பி என்னைப் பார்த்தார்கள்.
இந்த அவமானத்தை நான்
வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

நேற்று ராத்திரி
திசையன்விளையிலிருந்து மகன் போன்.
"போதும்மா, வந்துரு.
எதுக்கு இப்படி ஒத்தக்கால்ல நிக்க?"

சிரிப்பை அடக்க முடியவில்லை.
மேல் பங்க்கில் படுத்திருந்தவள்
எழுந்து விளக்கைப் போட்டாள்.
"எட்டு வரைக்கும் நின்னுட்டேன்டா" என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை,
பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்டான்.

போட்டேன்.
அது வலது கால் கணக்கு.
ஸோயாவின் புத்தகத்தில்
இடது காலுக்கு இன்னும் ஐந்துதான்.